பக்கவாதத்தில் கை விழுந்தவர்களுக்கு ஊரிலேயே பிசியோதெரபி கேட்டு மனு

அனுப்புநர்:
முந்திரித் தொழிலாளி ஒருவரின் மகள்,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.
(பெயர், முகவரி பின்பக்கம்)

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: பக்கவாத நோயாளிகளுக்குக் கைப் பயிற்சி அளிக்க, வாரத்தில் நாள் குறித்து பிசியோதெரபிஸ்ட்டை அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். என் அம்மா முந்திரி உடைத்து எங்களை வளர்த்தவர். பொங்கல் கழிந்து அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கைதான் வரவில்லை. கொட்டையை இடது கையில் பிடித்து வலது கையால் தட்டுகிற வேலை இது. ஒரு கை இல்லையென்றால் கூலி இல்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்க வழி இருக்கிறது. அப்படி ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட் எங்கள் வீட்டுக்கும் வந்தார். அம்மாவின் இறுகிக் கிடந்த விரல்களை அவர் வலிந்து பிரிக்கவில்லை. முதலில் மணிக்கட்டை உள்பக்கம் மடக்கினார், விரல்கள் தானாகத் தளர்ந்தன. அப்புறம் கட்டை விரலை மெதுவாக விரித்தார். துவண்ட கையைப் பிடித்து இழுத்தோ, அக்குளில் கை கொடுத்தோ தூக்கக் கூடாது, தோள்மூட்டு இறங்கிவிடும் என்றும் சொன்னார். கையைச் சும்மா தூக்கி இறக்கச் சொன்னால் அம்மாவுக்குச் சலிப்பு. அதைப் பார்த்து, ஒரு தட்டில் இருந்த முந்திரிக்கொட்டைகளை அந்தக் கையாலேயே அடுத்த தட்டுக்கு மாற்றச் சொன்னார். அம்மா முகமே மாறிவிட்டது. தெரிந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் மூளை கையை மறுபடி பழகிக்கொள்ளும் என்றார் அவர்.

அவரிடம் குறை இல்லை. பல ஊர்களை ஒருவரே பார்க்க வேண்டியிருப்பதால் அடுத்து எப்போது வருவார் என்று தெரிவதில்லை. பக்கவாதத்தில் முதல் சில மாதங்களில்தான் கை வேகமாகத் தேறும். பிறகும் முன்னேற்றம் உண்டு, ஆனால் மெதுவாக. அந்த மாதங்கள்தான் வீணாகப் போகின்றன. சிகிச்சைக்குக் கடலூர் போய்வர ஆட்டோ, துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி எல்லாம் சேர்ந்தால் எங்களால் முடியவில்லை. கடைசியில் புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும் என்று சொல்பவர்களை நம்பிப் பல குடும்பங்கள் பணத்தை விடுகின்றன. இதைப் பார்த்துக்கொண்டு இருக்க மனம் ஒப்பவில்லை.

எனவே, முந்திரித் தொழிலாளர்கள் நிறைந்த எங்கள் பகுதிக்கு வாரத்தில் இரண்டு நாளாவது பிசியோதெரபிஸ்ட் வந்துபோக ஆணையிட வேண்டுகிறேன். அவர் வராத நாட்களில் பயிற்சி நின்றுவிடாமல் இருக்க, வீட்டில் கவனிப்பவர்களுக்கும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்முறையாகச் சொல்லித்தர வேண்டும். விரல்கள் மடங்கி இறுகிப்போகாமல் தாங்கும் பட்டையும் தேவைப்படுபவர்களுக்குக் கிடைக்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: டிஸ்சார்ஜ் சீட்டு நகல், குடும்ப அட்டை நகல், இதே நிலையில் உள்ள அக்கம்பக்கத்துக் குடும்பத்தாரின் கையொப்பங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)