குடியிருப்போர் நலச்சங்கம் – 2024-25 செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கமுங்க. போன வருச அறிக்கையில பொங்கல் போட்டி, கண் பரிசோதனை முகாம், மரக்கன்னு வச்சதுன்னு நெறையா இருந்துச்சு, இந்த வருசமும் அதெல்லாம் நல்லபடியா நடந்துச்சு, போட்டோவும் எல்லாரும் பாத்துட்டீங்க, அதனால மறுக்கா எழுதல. குப்பை வண்டி காலைல ஏழு மணிக்கு வரும்னு சொன்னாங்க, எட்டரைக்கு வருது, சரி வருதேன்னு விட்டாச்சு. மத்தபடி சங்கத்தோட நேரம் பூராவும் ரோட்டுக்கே போயிருச்சுங்க, அதனால அறிக்கையும் ரோட்டப் பத்தித்தான்.

மெம்பருங்க எல்லாரும் கேக்கறது ஒரே கேள்வி. வண்டி வாங்கறப்பவே ரோடு டாக்ஸ் கட்டியாச்சு, பெட்ரோல்லயும் புடிக்கறான், வீட்டு வரியும் கட்டறோம், அப்பறம் எதுக்கு நாம மனுவத் தூக்கிட்டு அலையோணும்னு. நாயமான கேள்வி தானுங்க. ஆனா வண்டி வரி ஸ்டேட் கவர்மெண்ட் கஜானாவுக்குப் போகுது, பெட்ரோல் டீசல்ல புடிக்கற ரோடு செஸ் டெல்லிக்குப் போகுது, ரெண்டுலயும் நேரா நம்ம பேரூராட்சி கல்லாவுக்கு ஒத்த ரூவா வர்றதில்ல. பேரூராட்சி தானா வசூல் பண்றது சொத்து வரி, காலியிட வரி, தொழில் வரி, தண்ணி வரி, கடை வாடகை, லைசென்ஸ் பீஸ், இவ்வளவுதான். அதுல தொழில் வரிய இஷ்டத்துக்கு ஏத்தவும் முடியாது, ஒரு ஆளுக்கு வருசத்துக்கு 2,500 ரூவாய்க்கு மேல போடக்கூடாதுன்னு அரசியல் சட்டத்துலயே இருக்குது.

இது போக ஸ்டேட் தன்னோட சொந்த வரி வருமானத்துல 10 சதவீதத்த உள்ளாட்சிகளுக்குப் பிரிச்சுக் குடுக்குது, அதுல நம்ம பங்கு வருது, எடம் வாங்கி வித்தா பத்திரத்துல கூடுதலா புடிக்கற சர்சார்ஜ்லயும் பங்கு வருது. வந்ததும் மொதல்ல சம்பளம், தெருவிளக்கு கரண்டு பில்லு, கூட்டுக் குடிநீருக்குக் கட்டற காசு, குப்பைக்கு வண்டி, ஆளுன்னு போயிரும். மிச்சம் இருந்தாத்தான் ரோடு. டெல்லில இருந்து 15-வது நிதிக்குழு மானியம் வருதேன்னு நம்ம ரிட்டயர்டு வாத்தியார் அய்யா கேட்டாரு, வருதுங்க, ஆனா அதுல 60 சதவீதம் குடிதண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்னு கட்டிப்போட்ட காசு, அதத் தொட்டு ரோடு போட முடியாது, பாக்கி 40-ல தான் ரோடு, பாலம், சாக்கடைன்னு எல்லா வார்டும் அடிச்சுக்கோணும். ஆக பெரிய ரோட்டு வேலைன்னா ஸ்கீம்ல காசு வந்தாத்தான் உண்டு. நகர்ப்புற சாலைகள் மேம்பாட்டுத் திட்டம், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம்னு பேர் பேரா இருக்குது, எந்தத் தெரு எந்த ஸ்கீம்ல சேருதுங்கறது லிஸ்ட்டு போறப்பவே முடிவாயிருது. லிஸ்ட்டு போனதுக்கப்பறம் நாம மனு குடுத்து ஒரு புண்ணியமும் இல்லீங்க, இதப் புரிஞ்சுக்கவே நமக்கு வருசக்கணக்காச்சு.

இதவிட முக்கியமான வெசயம் ரோடு யாரோடதுங்கறது. பஸ் ஸ்டாப்புல இருந்து நம்ம ஆர்ச் வரைக்கும் வர்றது ஹைவேஸ் ரோடு, மாவட்ட ரோடு, அதுல ஒரு குழி விழுந்தாலும் பேரூராட்சி கை வைக்காது. ஆர்ச்சுக்கு உள்ள நாலாவது கிராஸ் வரைக்கும் பேரூராட்சி. வடக்கால ரெண்டு பக்கமும் வேலி இருக்கற அந்த இட்டேரி வழியா தோட்டத்துப் பக்கம் போற தடம் ஊராட்சி ஒன்றியம். ஒரே நேர் ரோடு தான், சைக்கிள்ல போனா சித்த நேரத்துல முடிஞ்சுரும், அதுக்கு மூணு ஆபீஸு. போன ஐப்பசி மழையில ஆர்ச்சுக்கு முன்னால டூவீலர்ல போன நம்ம அக்கா ஒருத்தங்க குழியில விழுந்து கையி முறிஞ்சுது பாருங்க, அந்தக் குழி சரியா ஹைவேஸும் பேரூராட்சியும் சேர்ற எடத்துல இருந்துச்சு. இவங்க அவங்கள காட்ட அவங்க இவங்கள காட்ட, கடைசில நம்ம ஓவர்சியர் அய்யா டேப்பு புடிச்சு அளந்து, கல்வெட்டுப் பாலத்துல இருந்து எத்தன மீட்டர்னு எழுதி, போட்டோவோட ரெண்டு ஆபீஸுக்கும் ஒரே கடுதாசிய அனுப்பினாரு, முதல்வர் ஹெல்ப்லைன் 1100-க்கும் போன் போட்டு புகார் நம்பர் வாங்கி வச்சோம். அதுக்கப்பறந்தான் சல்லியும் தாரும் வந்துச்சு. பேட்ச் போட்டவங்க குழிய சதுரமா வெட்டி மண்ணக் கூட்டித் தள்ளிப்போட்டுப் போட்டாங்க, அதனால இன்னைக்கு வரைக்கும் நிக்குது. ஈரக் குழியில கலவையக் கொட்டி மம்பட்டியில தட்டிட்டுப் போனா அடுத்த மழைக்கு அது அங்க இருக்காது.

இப்ப ரெண்டாவது கிராஸ் வேலைக்கு வர்றேன். ஸ்கீம் லிஸ்ட்டுல நம்ம தெரு இருக்குன்னு தெரிஞ்சதுமே ஆர்டிஐ, அதான் தகவல் உரிமைச் சட்டத்துல மனு, போட்டோம், பத்து ரூவா பீஸு தான், எஸ்டிமேட் காப்பி வேணும்னு கேட்டோம். 30 நாள்ல குடுக்கோணும், கொஞ்சம் இழுத்துத்தான் குடுத்தாங்க, ஆனா குடுத்தாங்க. அது கையில இருந்தது எவ்வளவு பெரிய பலம்னு வேலை நடந்த அன்னைக்குத் தான் தெரிஞ்சுது. எஸ்டிமேட்டுல பழைய ரோட்டச் சொரண்டி எடுத்துட்டுப் போடோணும்னு தெளிவா இருக்குது, 2021-லயே தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு அவர்கள் எல்லாத் துறைக்கும் சொன்னது தான் இது, ரோட்டு மேல ரோடு போட்டு வீட்டப் பள்ளமாக்காதீங்கன்னு. காண்ட்ராக்டர் ஆளுங்க காலங்காத்தால வந்து, சொரண்டற மெஷின் இந்தத் தெருவுக்குள்ள திரும்பாது, மேலயே போட்டுட்டுப் போயிடறோம்னாங்க. நம்ம அம்மாமாருங்க ஏற்கெனவே ஒவ்வொரு வாசப்படியிலயும் பழைய ரோட்டு மட்டத்துக்குச் சாக்பீஸ்ல கோடு போட்டு வச்சிருந்தாங்க. இந்தக் கோட்டுக்கு மேல தாரு ஏறுச்சுன்னா மழத்தண்ணி எங்க சமையக்கட்டுக்கு வரும், அப்ப நீ வந்து அள்ளுவியா கண்ணுன்னு பாட்டி ஒருத்தங்க மேஸ்திரியக் கேட்டாங்க. அவரு என்ன சொல்லுவாரு பாவம். உதவி இன்ஜினியர் ஏஇ சாரே நேர்ல வந்து பாத்துட்டு ஜேசிபி வச்சுச் சொரண்டச் சொன்னாரு. ஒரு நாள் எச்சா ஆச்சு, ஆனா இன்னைக்கு யார் வீட்டுக்குள்ளயும் தண்ணி ஏறல.

தாரு போட்ட அன்னைக்கு டிப்பர் தார்ப்பாய் மூடித்தான் வந்துச்சு, கலவை சூடா இருந்துச்சு, ஆவி பறந்துச்சு. சூடு ஆறிப்போனா ரோலர் எத்தன வாட்டி ஓட்டினாலும் அமுங்காது, அதுக்குள்ள தண்ணி எறங்கும், தண்ணி எறங்கினா தாரு சல்லிய விட்டுப்போட்டு வந்துரும், குழி விழறதெல்லாம் இப்படித்தான்னு ஓவர்சியர் அய்யா அங்க நின்னே பாடம் எடுத்தாரு. அப்பறம் நடுவுல மேடா ரெண்டு ஓரமும் சரிவா கேம்பர் வருதான்னு நூல் புடிச்சுப் பாத்தாரு. கெழக்கு ஓரத்துல சாக்கடைப் பக்கம் சரிவு சரியா வரல, சொன்னதுக்குச் சரி பண்ணாங்க, முழுசா இல்ல, முக்காவாசி. அந்த எடத்துல தண்ணி நிக்குதான்னு அடுத்த மழைக்குப் பாத்து எழுதிக் குடுப்போம், வாரண்டி காலத்துக்குள்ள காண்ட்ராக்டர் தான் சரி பண்ணிக் குடுக்கோணும். வேலையோட அளவக் குறிக்கற எம்-புக்குல எழுதியிருக்கற கனமும் ரோட்டுல இருக்கற கனமும் ஒண்ணான்னு சந்தேகம் வந்தா ஆர்டிஐ சட்டத்துல வேலைய நேர்ல பாக்கவும் சாம்பிள் எடுக்கவும் எடம் இருக்குது, இது ரொம்பப் பேருக்குத் தெரியாது.

இத்தன பாடுபட்டுப் போட்ட ரோட்ட மூணே மாசத்துல பைப்பு போடறோம்னு நடுவுல கிழிச்சுப்போட்டாங்க பாருங்க, அதத்தானுங்க மனசு தாங்கல. எந்த ஆபீஸ்னு இங்க எழுதல, எல்லாருக்கும் தெரியும். ரோட்ட வெட்டறவங்க பேரூராட்சிக்கு முன்கூட்டியே காசு கட்டி அனுமதி வாங்கோணும், அந்தக் காசுல தான் திரும்ப மூடோணும். காசு கட்டியிருக்காங்க, மூடினது வெறும் மண்ணுல. விடாம கேட்டதுல இப்ப காங்கிரீட் போட்டு அடைச்சிருக்காங்க, தாரு இன்னும் பாக்கி. எம்பட அபிப்ராயம், எஸ்டிமேட் போடறதுக்கு முன்னாலயே தண்ணி, கரண்டு, கேபிள்காரங்க எல்லாரையும் ஒரே மேசையில உக்கார வச்சு கேட்டுட்டா பாதித் தெண்டச் செலவு மிச்சம். வார்டு ஜனங்க கூடற ஏரியா சபையில சொன்னேன், கவுன்சிலர் குறிச்சுக்கிட்டாரு, தீர்மானத்துல வருதான்னு பாப்போம்.

அடுத்தது அஞ்சாவது, ஆறாவது கிராஸ். இந்த ரெண்டு தெருக்காரங்களுக்கு சங்கத்து மேல வருத்தம் இருக்குது, எங்க தெருவுக்கு மட்டும் ஏன் இல்லன்னு. காரணம் காசு இல்லீங்க. சைட் பிரிச்சு வித்தவரு அந்த ரெண்டு ரோட்டையும் பேரூராட்சிக்கு தானமா எழுதிக் குடுக்கவே இல்ல. பட்டா இன்னும் பழைய பூமிக்காரங்க பேர்ல இருக்குது, அடுத்தவங்க பேர்ல இருக்கற எடத்துல பொதுப் பணத்துல ரோடு போட்டா ஆடிட்ல மாட்டும், அதனால எந்தச் செயல் அலுவலர் (இஓ) வந்தாலும் கையெழுத்துப் போட மாட்டாரு. நாமளும் அங்க எத்தன மனு குடுத்தும் பதில் வராததுக்கு இதுதான் காரணம். சைட் வித்தவரு காலமாயிட்டாரு, வாரிசுங்க திருப்பூர்ல ஒருத்தரு, கோபிப் பக்கம் ஒருத்தங்க, பொள்ளாச்சில கட்டிக்குடுத்த பொண்ணு ஒண்ணு. தலைவர் அய்யாவுக்கு அவங்க சொந்தம், ஒரம்பரை முறை ஆகோணும், அதனால பேச்சு சுலபமாச்சு. ரெண்டு பேரு தான செட்டில்மெண்டுக்குச் சம்மதிச்சுட்டாங்க, மூணாவது ஆளு தை பொறக்கட்டும்னு சொன்னாங்க, தை பொறந்து பங்குனியும் வந்துருச்சு, இன்னும் பேசிட்டு இருக்கறோம். ரோட்டு எடத்த வெச்சுட்டு அவங்களும் ஒண்ணும் பண்ண முடியாது, வெள்ளாமையா வைக்கப் போறாங்க.

நமக்கு நாமே திட்டத்துல போடலாமேன்னு சில பேரு கேட்டீங்க. அதுல மூணுல ஒரு பங்காவது ஜனங்க கட்டோணும், பாக்கிய கவர்மெண்ட் போடும். ஆனா அதுக்கும் எடம் பேரூராட்சி பேர்ல இருக்கோணும், அதனால தானப்பத்திரம் முடியட்டும். அப்பறம் எல்லாரும் குடுக்கறதா இருந்தா கமிட்டில பேசலாம். எம்எல்ஏ நிதிக்கும் இதே பதில் தான்.

வடக்கு இட்டேரித் தடத்துக்கு இந்த வருசம் ஒண்ணும் நடக்கல. சர்வே வரைபடமான எஃப்எம்பி-ல வண்டிப்பாதைன்னு இருக்குது, அதனால நம்ம ஆளுங்க பயப்படற மாதிரி யாரும் வேலி போட்டு அடைக்க முடியாது. முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்துல, 4,000 கோடியில 10,000 கிலோமீட்டர்னு 2023-ல அறிவிச்சாங்களே அதுல, சேக்கச் சொல்லிக் கேட்டிருந்தோம். 2025 ஜனவரி 5-ஓட ஊராட்சித் தலைவருங்க பதவிக்காலம் முடிஞ்சு இப்ப தனி அலுவலர் தான், முன்ன மாதிரி டீக்கடையில புடிச்சுக் கேக்கறதுக்கு ஆளு இல்ல. அந்தப் பக்கம் தோட்டங்காட்டுல குடியிருக்கறவங்க கிராம சபையில வந்து கேட்டாத்தான் மினிட் புக்குல ஏறும், நாம பேரூராட்சிக்காரங்க அங்க போய்ப் பேச முடியாது.

இனி சொத்து வரி. 2022-ல ஏத்தினப்ப 600 சதுர அடிக்குள்ள 25 சதவீதம், 1,800-க்கு மேல 100 சதவீதம்னு வந்ததுல சில பேரு கோவமா கட்டாம வச்சிருக்கீங்க. அது உங்க இஷ்டம், ஆனா லேட்டானா மாசம் 1 சதவீதம் வட்டி ஏறுது, ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் மாசக் கடைசிக்குள்ள கட்டினா 5 சதவீதம் தள்ளுபடி. அதுவுமில்லாம ரோடு கேட்டுப் போறப்ப, உங்க ஏரியாவுல எத்தன பாக்கி தெரியுமான்னு லிஸ்ட்ட எடுத்துக் காட்டறாங்க, எங்களுக்குப் பேச்சு வரமாட்டேங்குது.

டேப்பு, நூலு, கடுதாசி எல்லாத்தையும் தன் செலவுலயே பாத்துக்கிட்ட ஓவர்சியர் அய்யாவுக்கும், வேலை நடந்த நாளு பூரா காப்பி போட்டுக் குடுத்த ரெண்டாவது கிராஸ் அக்காமாருக்கும் சங்கத்தோட நன்றிங்க. வரவு செலவு பொருளாளர் அண்ணன் படிப்பாரு. அஞ்சாவது, ஆறாவது கிராஸ்காரங்க பேரூராட்சிக்கான மனு மேசை மேல இருக்குது, பத்திர நம்பரோட ஜெராக்ஸும் வச்சு, சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்னாலயே கையெழுத்துப் போட்டுருங்க.