ரொறொன்ரோவின் கோயில் நிர்வாக சபைகளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். நம்மில் பலர் இந்த நகருக்கு வந்த கதை இலங்கையின் 1983 ஆடிக்கலவரத்தில் தொடங்குகிறது. அதே 1983இல்தான், இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப்பொருள் கொடுக்கும் டெய்லி பிரெட் உணவு வங்கியும் இங்கே தொடங்கியது. கனடாவின் முதல் உணவு வங்கி அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர் எட்மன்டனில் திறந்திருந்தது. பொருளாதார மந்தமும் வேலையின்மையும் தீர்ந்ததும் மூடிவிடலாம் என்றே தொடங்கியவர்கள் நினைத்தார்கள். நாமும் நாடு அமைதியானதும் திரும்பிவிடலாம் என்றுதானே பெட்டி கட்டினோம்!

மூட முடியவில்லை. 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை ரொறொன்ரோவின் உணவு வங்கிகளுக்கு மக்கள் வந்துபோன தடவைகள் 34.9 இலட்சம். கொரோனாவுக்கு முன் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 10 இலட்சம். 2024 டிசம்பரில் நகர சபை இதை அவசரநிலை என்றே அறிவித்தது.

நான் சனிக்கிழமைகளில் ஸ்காபரோவில் ஓர் உணவு வங்கியில் பொருள்களைத் தரம் பிரிக்கிறேன். தைமாதம் உங்கள் பெட்டிகள் வரும். பெட்டியைவிடப் பெரிய பதாகையும் கூடவே வரும். படம் எடுத்து முடிந்ததும் பதாகை திரும்பிப் போய்விடும். ஒருமுறை ஒரு பெட்டியின் அடியில் குழந்தைப் பால்மா கிடந்தது, காலாவதியாகி மூன்று வருடங்கள். பருப்போ அரிசியோ 'இந்தத் திகதிக்கு முன் சிறந்தது' என்ற நாளைச் சில வாரம் தாண்டினாலும் பாதகமில்லை. குழந்தைப் பால்மா அப்படியல்ல, நேரே குப்பைக்குத்தான். அன்னதானப் பந்தியில் ஊசிப்போன சாம்பாரை ஊற்றுவீர்களா?

போன மாதம் நம் அம்மா ஒருவர் வந்தார். பீன்ஸ் ரின் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். "பருப்பு இல்லையோ தம்பி?" என்று கேட்டார். இருக்கவில்லை. போகும்போது, தன்னை இங்கே கண்டதாக ஊரவர் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

ஆகவே மைசூர்ப் பருப்பு, அரிசி, கடலை, ரின்மீன், சமையல் எண்ணெய் தாருங்கள். காசாகத் தந்தால் இன்னும் நல்லது. மொத்த விலைக்கு வாங்குகிறவர்கள் கையில் அது கூடுதல் உணவாகும். தையிலும் தாருங்கள், ஆனால் யூலை, ஆகஸ்டை விட்டுவிடாதீர்கள். பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், அங்கே கிடைக்கும் காலை உணவு நின்றுவிடும், எங்கள் இறாக்கைகளும் வெறுமையாகிவிடும். அந்த வாரங்களில்தான் பூங்காக்களில் உங்கள் கோடைகால ஒன்றுகூடல், கொத்துரொட்டி, கயிறிழுத்தல் எல்லாம். வாசலில் ஒரு பெட்டி வைக்க இடமில்லாமலா போகும்?

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பேச ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பெட்டிகளை நானே காரில் கொண்டுவந்து இறக்குகிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு சனிக்கிழமைத் தொண்டன்