முழங்கால் உயரக் கேமராவில் விழும் மனிதர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புலிக் கணக்கெடுப்புச் செய்தி வரும்போதெல்லாம் தானியங்கி கேமராவில் பதிவான புலியின் படம் ஒன்று பத்திரிகைகளில் வெளியாகிறது. அதே கேமராவில் அதே வாரத்தில் சுள்ளி பொறுக்கப் போனவர்களும், மாடு மேய்த்தவர்களும், தேனெடுக்கப் போனவர்களும் பதிவாகியிருப்பார்கள். ஊரை ஒட்டிய காடுகளில் புலிப் படத்தைவிட மனிதர்களின் படம்தான் அதிகம் சேரும். அந்தப் படங்களை யார் பார்க்கிறார்கள், எங்கே வைக்கிறார்கள், எப்போது அழிக்கிறார்கள் என்று கேட்பார் இல்லை. கேமராவைக் கட்டுகிறவர்களும் அதற்கு அனுமதி கொடுக்கிறவர்களும் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

கேமராவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்று 2005-இல் தெரியவந்தபோதுதான், காலடித் தடத்தை வைத்து எண்ணும் பழைய முறை எவ்வளவு ஏமாற்றியிருந்தது என்பது உறைத்தது. 2006 முதல் நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் கணக்கெடுப்பில், கேமராப் படங்களில் உள்ள வரிகளைக் கொண்டு புலிகளைத் தனித்தனியே அடையாளம் காண்கிறார்கள். 2018 சுற்றில் நாடு முழுக்க 26,838 இடங்களில் கேமரா வைத்து ஏறத்தாழ 3 கோடியே 48 லட்சம் படங்கள் எடுத்தார்கள். அவற்றில் புலி இருந்தவை 76,651; சிறுத்தை இருந்தவை 51,777. மீதியெல்லாம் மான், காட்டெருமை, யானை, மாடு, காற்றில் ஆடிய புல், பிறகு மனிதர்கள்.

ஏன் இத்தனை மனிதர்கள் என்பதற்கு விடை, கேமரா கட்டும் முறையிலேயே இருக்கிறது. காட்டை இரண்டு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு ஜோடி என்று குறைந்தது 25 நாட்கள் வைப்பார்கள். புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வெவ்வேறாக இருப்பதால் பாதையின் இருபுறமும் ஒவ்வொன்று. ஒன்றின் ஒளி எதிரே உள்ளதை வெளுக்கச் செய்யாதபடி கொஞ்சம் விலக்கிக் கட்டுவார்கள். இடம் தேர்வது வண்டித்தடம், ஒற்றையடிப் பாதை, ஓடைப்படுகை, தண்ணீருக்கு இறங்கும் சரிவு ஆகியவற்றில்தான். மனிதர்கள் நடப்பதும் அங்கேதான். முட்புதரைக் கிழித்துக்கொண்டு புலியும் போகாது, விறகுச் சுமையோடு ஒரு பெண்ணும் போக மாட்டார்.

கேமராவின் உயரம் தரையிலிருந்து 30 முதல் 45 சென்டிமீட்டர், அதாவது முழங்கால் அளவு. புலியின் விலாவுக்கு அதுதான் சரி. மூன்று நான்கு மீட்டர் தூரத்தில் அந்த உயரத்துக் கேமராவுக்கு முன்னால் நிற்கும் பெரியவரின் முகம் பெரும்பாலும் சட்டகத்துக்கு மேலே வெட்டுப்பட்டுவிடும். குனிந்தவர், உட்கார்ந்தவர், குழந்தை ஆகியோர் தலை முதல் கால் வரை விழுவார்கள். கழிப்பறை இல்லாத வீட்டுப் பெண் காட்டோரம் வெளிக்குப் போனால் எப்படிப் பதிவாவார் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கேமரா இருப்பது அவருக்குத் தெரியவும் தெரியாது. இரவில் 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு உள்ள கேமரா என்றால் உற்றுப் பார்ப்பவருக்கு மங்கலான சிவப்புப் புள்ளி தெரியும். 940 நானோமீட்டர் விளக்கென்றால் அதுவும் தெரியாது. பகலில் விளக்கே எரியாது. மரப்பட்டை நிறத்தில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். வீடியோ முறையில் வைத்த பல கேமராக்கள் ஒலியையும் சேர்த்துப் பதிகின்றன. மெனுவில் ஒலிப்பதிவை நிறுத்தாமல் கட்டிவிட்டு வந்தால், அந்த வழியே போகிறவர்கள் பேசும் குடும்ப விஷயமும் கேமராவின் நினைவக அட்டையில் (மெமரி கார்டு) ஏறும். விலங்கைப் படமெடுக்க அந்த ஒலியால் பயன் இல்லை. கட்டும்போதே அதை அணைப்பது பத்து விநாடி வேலை.

இதைவிட ஆபத்தானது கடிகாரம். ஒவ்வொரு படத்தின் கீழேயும் ஒரு கறுப்புப் பட்டை இருக்கும்: தேதி, நேரம், வெப்பநிலை, நிலவின் பிறை அளவு, கேமராவின் பெயர். பேட்டரி தீர்ந்து மாற்றும்போது சில கேமராக்களின் கடிகாரம் ஆலையில் வைத்த தேதிக்கே திரும்பிப் போய்விடும். கவனிக்காமல் மூடினால் அதன்பின் வரும் படங்கள் அத்தனையிலும் தேதி பொய். பன்னிரண்டு மணி நேர முறையில் உள்ள கேமராவில் முற்பகல் பிற்பகலை மாற்றி வைத்தால், காலை ஆறரைக்குச் சீமாறுப் புல் அறுக்கப் போனவர் மாலை ஆறரைக்குக் காட்டுக்குள் நுழைந்தவராகத் தெரிவார். புலி ஆய்வில் இது ஒரு பிழை, திருத்திக்கொள்ளலாம். அந்தப் படத்தை வைத்து ஒருவர் மேல் வழக்கு எழுதினால் அவர் எப்படித் திருத்துவார்?

இதற்குத் தீர்வு பழையது, எளியது. கட்டி முடித்ததும் முதல் படமாக ஒரு சிலேட்டில் தேதி, 24 மணி நேர முறையில் நேரம், கேமரா எண் மூன்றையும் எழுதிக் கேமராவுக்கு முன் பிடிக்க வேண்டும். அட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும், கடைசியில் கழற்றும் நாளிலும் அதையே செய்ய வேண்டும். சிலேட்டில் உள்ள நேரமும் கறுப்புப் பட்டையில் உள்ள நேரமும் பொருந்தாத அட்டையில் உள்ள படத்தை யார் மீதும் சாட்சியாகக் கொண்டுவரக் கூடாது.

மெமரி கார்டு பற்றியும் சொல்ல வேண்டும். நாலு இலக்கக் கடவு எண் வைத்திருக்கிறோம், பாதுகாப்பாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கேமராக்களில் அந்த எண் மெனுவைத்தான் பூட்டும். அட்டையை உருவி ஒரு சாதாரண ரீடரில் போட்டால் எந்தக் கைபேசியிலும் எல்லாப் படமும் திறக்கும். ஃபார்மேட் செய்த அட்டையிலிருந்தும் மேலே புதிய படங்கள் பதியாதவரை பழைய படங்களை மீட்டெடுக்கலாம். திருடனிடம் போகும் அட்டையைவிட, வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும் படம்தான் அடிக்கடி நடக்கும் தவறு. ஆர்வத்தில் ஒரு புலிப் படத்தைப் பகிரும்போதுகூட, கறுப்புப் பட்டையில் உள்ள பீட்டின் (வனக் காவலரின் ரோந்துப் பகுதி) பெயரும் நேரமும் சேர்ந்தே போகின்றன. சுருக்குக் கம்பி வைக்கிறவனுக்கு அதைவிட நல்ல தகவல் வேண்டுமா? பகிர்வதற்கு முன் பட்டையை வெட்டுவதும், கேமராவுக்கு ஊர்ப் பெயர் வைக்காமல் வெறும் எண் வைப்பதும் குறைந்தபட்ச ஒழுக்கம்.

இந்த அச்சம் கற்பனை இல்லை என்பதற்கு உத்தரகண்டின் கார்பெட் காட்டுப் பகுதியே சான்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே 270 பேரிடம் பேசி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், வெளிக்குப் போன ஒரு பெண்ணின் கேமராப் படம் சமூக ஊடகங்களில் சுற்றியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆத்திரமடைந்த ஊர்க்காரர்கள் அருகிலிருந்த கேமராக்களை உடைத்திருக்கிறார்கள். அதே ஆய்வில் மனதை உலுக்குவது இன்னொன்று. காட்டுக்குள் பெண்கள் உரக்கப் பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் போவது வழக்கம். மனிதக் குரல் கேட்டால் யானையும் புலியும் விலகிப் போகும். கேமரா வந்தபின் யாரோ பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்; பழகாத பாதைகளுக்கும் போனார்கள். விலங்கைக் காக்க வைத்த கருவி, மனிதரை விலங்கின் எதிரே கொண்டுபோய் நிறுத்துகிறது. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் ஆனைமலையிலும் யானைக் காட்டுக்குள் நடப்பவர்களுக்குக் குரல்தான் காவல்.

அந்தப் பாதையில் நடப்பவர் அத்துமீறி நுழைந்தவர் என்று முன்கூட்டியே முடிவு கட்டுவதும் தவறு. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(1)(இ) பிரிவு, மரபாகச் சேகரித்து வந்த சிறு வனமகசூலைச் சேகரிக்கும் உரிமையைப் பழங்குடியினருக்கும் பிற பாரம்பரிய வனவாசிகளுக்கும் அளிக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-இல் தீர்ப்பளித்தது. காட்டுக்குள் போனால் அந்த உரிமை கழன்று விழுந்துவிடுவதில்லை.

என்ன செய்யலாம்? கட்டுவதற்கு முன் ஊர்க்கூட்டத்தில் போய்ச் சொல்ல வேண்டும். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எந்தத் தடங்களில், எதற்காக, படம் யாரிடம் இருக்கும் என்பதை வாயால் சொல்ல வேண்டும்; நோட்டீஸ் ஒட்டினால் போதாது. ஒரு கேமராவைக் கையில் கொடுத்துக் காட்டி, அங்கேயே ஒரு படமெடுத்து, அது எப்படித் தெரிகிறது என்று பார்க்க வைத்தால் பாதிப் பயம் போய்விடும். குளிக்கிற ஓடைத்துறையும், ஒதுங்குகிற இடமும் எவை என்று ஊர்ப் பெண்களிடம் கேட்டறிய வேண்டும். ஆண் பணியாளர் கேட்டால் பதில் வராது. குழுவில் ஒரு பெண் இருந்தே ஆக வேண்டும். அந்த இடங்களை விட்டு இருநூறு மீட்டர் தள்ளிக் கட்டினால் கணக்கெடுப்பு கெட்டுவிடுமா என்றால், கெடாது. ஒரு கட்டம் இருநூறு ஹெக்டேர். அதற்குள் புலி நடக்கும் இன்னொரு தடம் அநேகமாகக் கிடைக்கும்.

அறிவிப்புப் பலகையைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்தால் களவு போகும் என்பார்கள், உண்மைதான். பலகையைப் பாதை தொடங்கும் இடத்தில் வையுங்கள்; கேமராவின் படத்தையும் வரைந்து வையுங்கள், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும். களவைக் குறைக்க இரும்புக் கூடும் கேபிள் பூட்டும் ஓரளவுக்குத்தான் உதவும். தன் படம் தப்பாகப் பயன்படாது என்று நம்பும் ஊரில் கேமரா உடைபடுவது குறையும்.

அட்டையிலிருந்து இறக்கியதும் படங்களை மனிதக் கண் பார்ப்பதற்கு முன்பே பிரித்துவிட இன்று வழி இருக்கிறது. மெகாடிடெக்டர் என்ற இலவச மென்பொருள் விலங்கு, மனிதர், வாகனம், வெற்றுப் படம் என்று தனித்தனியாக்கும். இணையம் இல்லாத மடிக்கணினியிலேயே ஓடும் என்பதால் படம் வெளியே போக வேண்டியதில்லை. காலோ கையோ மட்டும் ஓரத்தில் தெரியும் படங்களை அது நழுவவிடும். நம்பக வரம்பை (ஒன்றைக் கண்டதாக ஏற்க அதற்கு வேண்டிய உறுதியின் அளவு) 0.2-க்கோ அதற்குக் கீழோ தாழ்த்தி ஓட்டினால் அவற்றில் பலவும் அகப்படும். கூடவே சில வெற்றுப் படங்கள் சேர்ந்து வரும், பரவாயில்லை. மனிதர் கோப்புறையை ஒரே ஒரு பொறுப்பு அலுவலர் பார்க்கட்டும். துப்பாக்கியோ சுருக்குக் கம்பியோ தெரிந்தால் அந்தப் படத்தை மட்டும் எடுத்துப் பதிவேட்டில் எழுதட்டும். மற்றவற்றின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, குறித்த நாளுக்குள் அழித்துவிட வேண்டும். ஆய்வுக்கு வேண்டியது எண்ணிக்கைதான், முகங்கள் இல்லை.

இதுவரை சொன்னது அரசும் ஆய்வாளர்களும் வைப்பவை பற்றி. காட்டோரத் தோட்டங்களிலும் விடுதிகளிலும் தனியார் கட்டிவைப்பவை தனிப் பிரச்சினை. சரணாலயத்துக்குள் படமெடுக்கவோ ஆய்வு செய்யவோ தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. தன் பட்டா நிலத்தில் கட்டினாலும், விலங்கு நெருங்கி வரட்டும் என்று உப்புக்கட்டியும் பலாப்பழமும் போடுகிறவர்கள் அச்சட்டத்தின் 2(16) பிரிவைப் படிக்க வேண்டும். ‘வேட்டை’ என்பதன் வரையறையிலேயே இரை வைத்து ஈர்ப்பதும் அடங்கும். கையில் இருப்பது துப்பாக்கியா கேமராவா என்று அந்த வரி பிரித்துப் பார்க்கவில்லை. தோட்டத்துக்குப் பழகிப்போன யானையால் பாதிக்கப்படுவது பெரும்பாலும் பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) இருக்கும் குடும்பம்தான்.

வேட்டை சட்டப்படி நடக்கும் அமெரிக்காவிலேயே இந்தக் கேள்வி வந்துவிட்டது. அரிசோனாவின் வறண்ட பொது நிலங்களில் ஒரே தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் பல வேட்டைக்காரர்களின் கேமராக்கள். அட்டை மாற்ற ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருந்ததால் தாகத்துக்கு வரும் விலங்குக்குத் தொல்லை. படத்தை உடனே கைபேசிக்கு அனுப்பும் கேமராக்கள் வந்தபின் விலங்கு தப்பிக்கும் வாய்ப்பும் சுருங்கியது. வேட்டைக்காக எந்த வகைத் தானியங்கி கேமராவையும் பயன்படுத்துவதை அரிசோனா 2022 ஜனவரி 1 முதல் தடை செய்தது. நெவாடாவும் யூட்டாவும் பொது நிலத்தில் வேட்டைக் காலத்தை ஒட்டிய மாதங்களில் தடுத்தன. நம் காடுகளிலும் மாதத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம். தேன் சீசனில் தேனெடுப்பவர்களின் தடங்களிலிருந்து கேமராவை விலக்கிவைப்பது கணக்கெடுப்புக்கு எந்த இழப்பும் இல்லாமல் செய்யக்கூடியது.

கடைசியாக ஒன்று. 25 நாள் என்று சொல்லிக் கட்டிய கேமராக்களில் ஒன்றிரண்டு, யானை பிடுங்கிப் போட்டதாலோ மழையில் தடம் மறைந்ததாலோ, காட்டிலேயே தங்கிவிடுகின்றன. பேட்டரி மிச்சமிருக்கும்வரை அவை படமெடுத்துக்கொண்டே இருக்கும். கழற்றும் நாளில் எண் வாரியாகச் சரிபார்த்து, கிடைக்காத கேமரா எந்தத் தடத்தில் கட்டியது என்பதை ஊர்க்கூட்டத்தில் வந்து சொல்லிவிட்டுப் போகட்டும். தேடிக் கண்டுபிடிக்க ஊர்க்காரர்களால் முடியும்; அதுவரை அந்தத் தடத்தில் எச்சரிக்கையாக நடக்கவும் அவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
காட்டுயிர்க் களப்பணியாளர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.