பின்கட்டு அறையின் சாவி: கல்லூரி நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஆய்வுக் குழு வருவதற்கு முதல் நாள் இயற்பியல் துறையின் பின்கட்டு அறையில் மாணவர்கள் செய்துவைத்திருந்த சோதனைக் கருவிகள் ‘குப்பை’ என்று வெளியேற்றப்பட்டதும், அறையின் சாவி எங்கள் கையை விட்டுப் போனதும் உங்களுக்குத் தெரியும். வெளியே போன ‘குப்பை’ என்ன என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஓர் அக்ரிலிக் குழாய், அதற்குள் சுழலும் ஓர் அலுமினிய உருளை, இடைவெளியில் தண்ணீர். உருளையைக் காரைக்குடி லேத் பட்டறையில் கடைந்து வாங்கப் பிள்ளைகளே காசு போட்டார்கள். ஆட்டம் இல்லாமல் சுழல வைக்கவே ஐந்து வாரம் ஆனது. ஓட்டம் கண்ணுக்குத் தெரியப் பெயிண்ட் கடையில் வாங்கிய வெள்ளிப் பொடி தண்ணீரில் கலக்காமல் மிதந்தது. ஒரு சொட்டு சோப்பு விட்ட பிறகுதான் இறங்கியது. வேகத்தைக் கூட்டினோம். அடுக்கி வைத்த வளையல்களைப் போலச் சுழிகள் எழுந்தன, 1923இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் கணக்கிட்டுக் காட்டிய அதே சுழிகள். இன்னும் கூட்டியதும் வளையல்கள் நெளியத் தொடங்கின. பார்த்துக்கொண்டே நின்ற தேவகோட்டை மாணவி கடைசி பஸ்ஸை விட்டுவிட்டாள். முழுக்கக் கலங்கும்வரை கூட்டிப் பார்க்க நினைத்திருந்தோம். அதற்குள் எல்லாம் புளியமரத்தடிக்குப் போய்விட்டது. குழாயில் நீளமாக ஒரு விரிசல்.

1975இல் அமெரிக்க இயற்பியலாளர்கள் ஜெரி கோலப்பும் ஹாரி ஸ்வின்னியும் லேசர் வைத்து அளந்தது இதைத்தான். புதுப்புது அதிர்வெண்கள் முடிவில்லாமல் ஒவ்வொன்றாகச் சேர்ந்துதான் கொந்தளிப்பு, அதாவது ஒழுங்கற்ற ஓட்டம், வரும் என்று சோவியத் இயற்பியலாளர் லாண்டாவ் கருதியிருந்தார். அத்தனை படிகள் தேவையில்லை, சில படிகளிலேயே ஒழுங்கு உடைந்துவிடுகிறது என்று இவர்கள் காட்டினார்கள். கோலப் பாடம் நடத்தியது அமெரிக்காவின் ஹேவர்ஃபோர்டு கல்லூரியில். அதுவும் இளநிலை மாணவர்களுக்கான கல்லூரிதான். பின்னாளில் அவர் மணல் போன்ற மணிப்பொருள்கள் நகரும் விதத்தையும் ஆராய்ந்தார். “மணலில் விளையாடுவதா இயற்பியல்?” என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். ஆமாம் ஐயா, அதுவும்தான்.

அதே அறையில் ஓர் அரிசிக் குழாயும் இருந்தது. மேலே கொட்டக் கொட்ட, அடியில் உள்ள தட்டின் மேல் விழும் எடை ஓரளவுக்கு மேல் ஏறாது. மீதியைச் சுவர் உராய்வால் தாங்கிக்கொள்ளும். தானியக் குதிர்களுக்கு ஜெர்மன் பொறியாளர் யான்சன் 1895இல் போட்ட கணக்கு இது. நான் கொடுத்த ஏழு மனுக்களுக்கும் இதே கதிதான், எந்தச் சுவர் தாங்கிக்கொண்டதோ! பட்டகக் கோணம் 60 பாகை என்று செய்முறைக்கு முன்பே ரெக்கார்டு நோட்டில் எழுதும் பிள்ளைகளால் ஒரு தொல்லையும் இல்லை. விடை தெரியாததைத் தொட்டால்தான் அறை அழுக்காகிறது.

மன்னிக்கவும், கேட்க வந்தது வேறு. 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை இந்தக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தவர் வள்ளல் அழகப்பர். நாங்கள் கேட்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, மாலை 4 முதல் 6 வரை. அந்தச் சாவியைத் தயவுசெய்து திருப்பித் தாருங்கள். புதுக் குழாய்க்குப் பணம் வேண்டாம், சாவி போதும். உருளைக்குச் சேதமில்லை; துணி சுற்றி என் வீட்டு வளவில் வைத்திருக்கிறேன்.

பணிவுடன்,
இயற்பியல் துறை ஆசிரியர் ஒருவர்