முல்லைத்தீவுக் கடல் மரபு நிலையத்துக்கு மாரிக்கு முன் ஒரு கூரை வேண்டும்

அன்புக்குரிய ஊரவர்களே, புலம்பெயர்ந்து வாழும் உறவுகளே,

முல்லைத்தீவுக் கரையில் ஒரு கடல் மரபு நிலையம் அமைக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். கடற்றொழிலாளர் சங்கம் ஒன்று தன் பழைய வலைக் களஞ்சியத்தை இதற்கென்று ஒதுக்கித் தந்திருக்கிறது. சுவர்கள் உறுதியாக நிற்கின்றன. கூரை இல்லை, தரை வெடித்துக் கிடக்கிறது. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் கூரை போட்டாக வேண்டும். அதற்காகவே உங்களிடம் வருகிறோம்.

2004 மார்கழி 26 அன்று கடல் எங்கள் ஊருக்குள் ஏறி வள்ளம், வலை, வீடு, ஆட்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. எஞ்சியதையும் போரினால் 2009 வரை இடம்பெயர்ந்த வழிநெடுக விட்டுவிட்டு வந்தோம். சைக்கிளில் பிள்ளையையும் அரிசிப் பையையும் ஏற்றியவர்கள் பாட்டனாரின் வலை ஊசியைத் தேடி எடுத்திருக்க முடியாது. ஆகவே இன்று எவரிடமாவது ஒரு பழைய பாய்மரத் துண்டு இருந்தாலும் அது எங்களுக்குப் பெரிய சொத்து.

இதுவரை வந்து சேர்ந்தவற்றில் ஒன்றைச் சொல்கிறோம். பருத்தி நூல் வலையின் ஒரு துண்டு. கறுப்போடிய காவி நிறம், தொட்டால் தோலைப் போல விறைப்பு. தங்கூசி என்கிற நைலோன் இழை வலை வருமுன் பனிச்சங்காயை இடித்து ஊறவைத்து, அந்தச் சாற்றில் வலையைத் தோய்த்துக் காயவிடுவார்கள். உப்புத் தண்ணீரில் நூல் உக்காமல் இருக்க அதுதான் வழி. பனிச்சை ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் நிற்கிற மரம். கடற்றொழிலாளிக்கு வேண்டிய சாயம் வன்னிக் காட்டிலிருந்துதான் வந்தது. இந்தத் துண்டின் அடிக்கயிற்றில் ஈயத்துக்குப் பதிலாகச் சுட்ட மண் குண்டுகள் கோத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் அதை உருட்டியவரின் விரற்பதிவு இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

அந்த வலையைத் தந்த ஐயா, பள்ளிப் பிள்ளைகள் பார்த்திருக்க ஊசியையும் கட்டையையும் பிடித்துக் கண்ணி போட்டுக் காட்டினார். ஒரு பையன் கேட்டான்: “அப்பப்பா, எஞ்சின் இல்லாமல் எப்பிடிக் கரைக்குத் திரும்பி வந்தனீங்கள்?” “விடியப்புறம் தரைக்காத்திலை போய், வெயில் ஏறக் கடற்காத்திலை பாய் விரிச்சு வாறதுதான்” என்றார் அவர். பிறகு சோழகம், கச்சான், வாடை, கொண்டல் என்று ஒவ்வொரு காற்றின் குணத்தையும் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழும்பவே இல்லை. அந்தப் பிள்ளைகளில் பலருடைய அப்பா இன்றும் கடலுக்குப் போகிறவர். ஜீபிஎஸ்ஸும் பைபர் படகும் வந்தது நல்லதுதான். ஆனால் காற்றையும் நீரோட்டத்தையும் வானத்து வெள்ளிகளையும் பார்த்துத் தொழில் செய்த அறிவு அடுத்த தலைமுறைக்குப் போக ஓர் இடம் வேண்டும். கண்ணாடி அலுமாரிகளை அடுக்கிப் பூட்டி வைக்கும் கட்டடத்தில் எங்களுக்கு விருப்பமில்லை. முற்றத்தில் வலை பொத்த வேண்டும், வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாடல் பாட வேண்டும், கட்டுமரம் கட்டிக் காட்ட வேண்டும்.

கடலும் மாறிவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். வாள்போல நீண்ட, இருபுறமும் பல் வைத்த வேளா மீனின் கொம்பு சில பழைய வீடுகளில் இன்னும் தொங்குகிறது. முதியவர்கள் அந்த மீனை வலையில் கண்டவர்கள். இளந்தொழிலாளர்கள் பலர் கண்டதே இல்லை. வேளா இலங்கைக் கடலில் ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது. அந்த நீண்ட கொம்பு வலைக் கண்ணியில் இலகுவாகச் சிக்கிவிடும் என்பது அதற்கு ஒரு முக்கிய காரணம். இந்தப் பாடம் கொம்பைக் கையில் தூக்கிப் பார்க்கிற பிள்ளைக்குப் புத்தகத்தைவிட நன்றாக ஏறும்.

மன்னார்ப் பக்கம் உள்ள பழைய துறைமுகமான மாந்தையில் 1980களில் நடந்த அகழாய்வில் சீனத்து, பாரசீக வளைகுடாப் பகுதி மட்பாண்டங்கள் கிடைத்தன. அவ்வளவு பழைய கடல் வாணிபம் நடந்த மண் இது. தெற்கே கொடவாயக் கடலில், ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுப் பழமையானதென ஆய்வாளர்கள் கருதும் கப்பற்சிதைவை முதலில் கண்டவர்கள் சங்கு குளிக்கும் தொழிலாளர்கள். கடலடியை அறிந்தவர்கள் நம்மவர்களைப் போன்றவர்களே. ஆகவே எங்கள் மீனவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வலையில் பழம்பொருள் ஏதும் தட்டுப்பட்டால் கிளப்ப வேண்டாம், இடத்தைக் குறித்துச் சொல்லுங்கள். தொல்பொருள் திணைக்களத்துக்கு நாங்கள் அறிவிப்போம்.

காலிக் கடலில் 1659இல் மூழ்கிய அவொண்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்தக் கப்பலிலிருந்து எடுத்த பொருள்களில் பலவற்றை 2004 ஆழிப்பேரலை மீண்டும் கடலுக்கே கொண்டுபோனது. அலை புகுந்த அங்குள்ள கடல்சார் நூதனசாலை 2010இல்தான் மறுபடி திறக்கப்பட்டது. அதைப் பார்த்துத்தான் நாங்கள் தரையை உயர்த்திக் கட்டவும், படங்களையும் ஒலிப்பதிவுகளையும் பிரதி எடுத்துக் கரையிலிருந்து தள்ளியுள்ள இன்னோர் ஊரில் வைக்கவும் தீர்மானித்தோம். இதனால் செலவு கூடுகிறது. ஆனாலும் இதில் சிக்கனம் பார்க்க முடியாது.

பணமாகத் தருவோர் சங்கப் பணிமனையில் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்போர் ஊரிலுள்ள உங்கள் உறவினர் மூலம் சேர்ப்பிக்கலாம். ஒவ்வொரு மாதமும் வரவு செலவைப் பணிமனைப் பலகையில் ஒட்டுவோம். சீமெந்து, தகரம், மரம், மேசன் வேலை, தச்சு வேலை எதுவானாலும் நன்றியோடு ஏற்போம். ஒரு நாள் சிரமதானமும் நன்கொடைதான். பழம்பொருள் தருவோர் அதைக் கழுவித் துடைத்து மினுக்காமல் இருந்தபடியே தாருங்கள். உரித்தை விட விரும்பாதவர்கள் இரவலாகத் தரலாம், எழுத்தில் பெற்றுக்கொள்வோம். ஆமையோடும் பவளப்பாறையும் வேண்டாம்.

முழுக் கட்டுமரம் ஒன்று இன்னும் எங்களிடம் இல்லை. நாயாறு, அளம்பில், சாலை ஆகிய ஊர்களின் பக்கம் எங்காவது மணலில் கிடந்தால் தகவல் தாருங்கள், ஏற்றிவர உழவு இயந்திரத்தோடு நாங்கள் வருகிறோம். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் கடலில் தீர்த்தம் எடுத்து உப்புநீரில் விளக்கெரிக்கும் நிகழ்வின் பழைய படங்கள், கரைவலை உரிமையாளர்களான சம்மாட்டிமாரின் கணக்குக் கொப்பிகள், கடலுக்குப் போனவர்களின் படங்கள் இருந்தால் அவற்றையும் தாருங்கள். வீட்டில் வயதான கடலோடி ஒருவர் இருந்தால் முதலில் எங்களுக்குச் சொல்லுங்கள். கூரை போட்டு முடியும்வரை காத்திராமல், ஒலிப்பதிவுக் கருவியோடு இந்தக் கிழமையே அவரிடம் வருவோம்.

இங்ஙனம்,
கடல் மரபு நிலைய அமைப்புக் குழுவினர்,
முல்லைத்தீவு.