எந்தக் கிருமி, எந்த வழி என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநீர்த் தொற்றால் அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் பெண்கள் தினமும் ஒரு புரோபயாடிக் (நன்மை செய்யும் உயிருள்ள கிருமிகள் அடங்கிய) மாத்திரையும் ஒரு கிண்ணம் தயிரும் சாப்பிட்டால் போதும் என்ற பொருளில் தங்கள் மகளிர் பக்கத்தில் வெளிவந்த குறிப்பைப் படித்தேன். சென்னையில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் நெடுங்காலம் யூரின் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை) பார்த்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அதில் விடுபட்டுப்போன சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

குறிப்பின் அடிப்படை சரியானதே. இந்தத் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நம் குடலிலேயே குடியிருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா. அது சிறுநீர்ப்பைக்கு ஏறுமுன் பிறப்புறுப்பின் வாயிலில் தங்கிப் பெருகுகிறது. அங்கே இயல்பாக வாழும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா வகைகள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து அதை அண்டவிடாமல் வைத்திருக்கின்றன. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதாலும், மாற்றி மாற்றி ஆன்டிபயாடிக் எடுப்பதாலும் இந்தக் காவல் போய்விடுகிறது. போனதைத் திரும்பக் குடியேற்றலாமே என்பதுதான் புரோபயாடிக் யோசனை.

ஆனால் எந்த வகை, எந்த வழியாக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 735 பேர் பங்கேற்ற 9 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தும் தெளிவான பலனைக் காணவில்லை. பலனே இல்லை என்று தள்ளிவிடவும் அந்தத் தரவுகள் போதவில்லை. நெதர்லாந்தில் மாதவிடாய் நின்ற 252 பெண்களுக்கு ஓராண்டு நடந்த ஆய்வில், தினமும் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்குச் சராசரியாக 2.9 முறையும் லாக்டோபேசில்லஸ் மாத்திரை எடுத்தவர்களுக்கு 3.3 முறையும் தொற்று வந்தது. தடுப்பதில் மாத்திரை சற்றுப் பின்தங்கியது உண்மைதான். ஆனால் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களின் ஈ.கோலை ஒரே மாதத்தில் பெருமளவு அந்த மருந்துக்கு அடங்காததாக மாறியது. கல்ச்சர் தட்டில் வைக்கும், ஆன்டிபயாடிக் ஊறிய சிறு வட்டைச் சுற்றித் தெளிந்த வளையம் விழாமல், வட்டின் விளிம்புவரை கிருமி வளர்ந்து நிற்பதைப் பார்த்துப் பழகிய எனக்கு இது சிறிய செய்தியாகப் படவில்லை.

நம் நாட்டிலேயே, சண்டிகரில் 174 பெண்களிடம் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவனிக்கத்தக்கது. நான்கு மாதத்தில், ஒப்பீட்டுக்காகப் புரோபயாடிக் இல்லாத போலி மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 70.4 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்தது. வாய்வழி புரோபயாடிக் பெற்றவர்களில் அது 61.3, பிறப்புறுப்பில் வைக்கும் புரோபயாடிக் மாத்திரை பெற்றவர்களில் 40.9, இரண்டும் பெற்றவர்களில் 31.8. சிறிய ஆய்வுதான், இன்னொரு இடத்தில் யாராவது செய்து உறுதிப்படுத்த வேண்டும். ஆனாலும் விழுங்குவதைவிட உரிய இடத்தில் வைப்பதே அதிகம் உதவியிருக்கிறது என்பது தெரிகிறது.

இனி மெடிக்கல் ஷாப்பில் "புரோபயாடிக் கொடுங்கள்" என்று கேட்டால் கிடைப்பதென்ன என்று பாருங்கள். பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்குக்காக எழுதித்தரும் கேப்சூல்தான். அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் பேசில்லஸ் கோயாகுலன்ஸ் என்றோ சாக்கரோமைசஸ் என்றோ இருக்கும். வயிற்றுக்கு அவை உதவலாம். நான் மேலே சொன்ன ஆய்வுகளில் சோதிக்கப்பட்டவை அவை அல்ல. வீட்டுத் தயிரும் அப்படியே. சாப்பிடுங்கள், நல்ல உணவு. அதை மருந்துக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மாத்திரைக்கு முன்னால் தண்ணீரைச் சொல்லியிருக்கலாம். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், குறைவாகத் தண்ணீர் குடித்துவந்த, அடிக்கடி தொற்று கண்ட 140 பெண்களில் பாதிப்பேர் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தனர். ஓராண்டில் அவர்களுக்குத் தொற்று சராசரியாக 1.7 முறை, மற்றவர்களுக்கு 3.2 முறை. ஆனால் தி.நகர் கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களிடம் போய் இதைச் சொல்லிப்பாருங்கள். கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்றுதான் பலர் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்திய மாநிலம் இது. சுத்தமான, பூட்டாத கழிப்பறை பற்றியும் அதே அக்கறையோடு கேட்க வேண்டியிருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்கள், பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு தமக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அதற்கு இந்த மாத்திரைகளைவிட வலுவான சான்று உண்டு.

ஆறு மாதத்தில் இருமுறை அல்லது ஆண்டில் மூன்று முறை வந்தால்தான் இதை அடிக்கடி வரும் தொற்று என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மருந்து தொடங்குமுன் கல்ச்சர் கொடுப்பது அவசியம். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்து உடனே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். வெயிலில் மணிக்கணக்கில் பையில் கிடந்த குப்பியில் கிருமிகள் தாமாகவே பெருகிவிடும், முடிவும் தவறாகும். குளிர்காய்ச்சல், விலாவலி இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த விவரங்களோடு அந்தக் குறிப்பைத் திருத்தி, அதே பக்கத்தில் மீண்டும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை.