சார்ட்டில் ஐந்து பெயர்

வடசென்னைப் பள்ளி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

காசிமேட்டிலிருந்து, எட்டாம் வகுப்பு படிக்கும் பெண்ணின் அம்மா எழுதுகிறேன். போன மாதம் என் மகளின் குழுவுக்கு 'மீன்பிடித் துறைமுகம்' மாதிரி செய்துவரச் சொன்னார்கள். ஐந்து பிள்ளைகள். எங்களுடையது ஒரே அறை வீடு, மற்றவர்கள் வீடும் அப்படித்தான். எங்கே கூடி உட்காருவது? இரண்டு நாள் ஹவுசிங் போர்டு மாடிப்படியில் உட்கார்ந்து பேசினார்கள். அப்புறம் மொத்த வேலையும் என் மகள் தலையில் விழுந்தது. ராத்திரி பதினொன்றரைக்கு அவள் பிளேடால் தெர்மாகோல் வெட்ட, நான் ஃபெவிகால் தடவிக்கொண்டிருந்தேன். (செலவும் என்னுடையதுதான், அதை விடுங்கள்.)

அந்தக் குழுவில் ஒரு பையன். அப்பா விசைப்படகில் போகிறவர். ஐஸ் பாரை உடைத்துப் படகில் கொட்டுவது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகைப் பழுது பார்ப்பது எல்லாம் அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மகள் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து ஒட்டிய வலைப் படமோ, கொச்சியில் கரையிலேயே நட்டு வைத்திருக்கும் சீன வலை! பார்த்துவிட்டுச் சிரித்தானாம், அவ்வளவுதான். சார்ட்டில் ஐந்து பெயரும் ஸ்கெட்ச் பேனாவில் பளிச்சென்று இருந்தன. மதிப்பெண்ணும் ஐவருக்கும் ஒன்றே.

அதற்காகக் குழுவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தனித்தனியாகச் செய்தால் அந்தப் பையனுக்குத் தெரிந்தது அவனோடே போய்விடும்.

கயிற்றில் கை வைத்தவரெல்லாம் வலை இழுப்பவர் இல்லை என்பது, கரையில் நின்று கூட்டமாக வலை இழுக்கும் கரைவலைக்காரர்களுக்குத் தெரியும். பிரான்சில் ரிங்கெல்மன் என்ற வேளாண் பொறியாளர் இதை அளந்தே பார்த்து 1913-இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து கயிறு இழுத்தபோது, ஆளுக்கு அவரவர் வலுவில் ஏறக்குறைய பாதிதான் வந்தது. 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டு போட்டு, குழுவில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். ஒருவர் வாய் திறந்தால்தான் அவருடைய துண்டு மற்றவர்களுக்குத் தெரியும். தேர்வு மட்டும் தனித்தனி.

நம் பள்ளியிலும் இப்படிச் செய்யலாமே. முதலில் பத்து நிமிடம் ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தெரிந்ததைத் தனியாக எழுதட்டும். அதைப் பார்த்து ஐஸ் ஒருவருக்கு, ஏலம் ஒருவருக்கு என்று பிரித்துக் கொடுங்கள். ஒட்டுவது வெட்டுவதெல்லாம் வகுப்பிலேயே நடக்கட்டும். நாற்பது பேரையும் தனித்தனியாகக் கேட்க நேரம் ஏது என்பீர்கள், நியாயம்தான். குழுவுக்கு ஒருவரை, யார் என்று முன்கூட்டிச் சொல்லாமல், எழுப்பிக் கேளுங்கள், போதும்.

அடுத்த மாதம் அறிவியல் ப்ராஜெக்டாம். தெர்மாகோல் இப்போதே வாங்கி வைக்கச் சொல்கிறாள் மகள். நான் இன்னும் வாங்கவில்லை.